முகத்துல கரண்ட் அடிக்கிற மாதிரி வலி, எம்எஸ்-னால வருமா?

யீஷூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருக்கு (மூளை, தண்டுவட நரம்போட உறைய நம்ம உடம்பே தாக்குற நோய்), சில வருஷமாச்சு. கால் மரத்துப்போறதும் அசதியும்தான் இதுவரைக்கும் பெரிய தொல்லை. இப்ப புதுசா வலது கன்னத்துல இருந்து கீழ்த்தாடை வரைக்கும் சுரீர்னு ஒரு வலி, கரண்ட் அடிச்ச மாதிரி. சில செகண்டுதான், ஆனா அந்த செகண்டுல பேச்சே நின்னுருது. பல்லு விளக்குறப்ப வருது, மூஞ்சி கழுவுறப்ப வருது, மெல்லுறப்ப வருது, எம்ஆர்டி ரயில்ல ஏர்கான் காத்து நேரா கன்னத்துல பட்டாக்கூட வருது. பனடோல் (பாராசிட்டமால்) கேக்கவே மாட்டேங்குது. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லன்னாரு, ஆனா வலி நிக்கலன்னா கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் பண்ணிப் பாக்கலாம்னு சொல்றாரு. நியூரோ (நரம்பு டாக்டர்) அப்பாயின்மெண்ட் இன்னும் ரொம்ப தள்ளி இருக்கு. இது எம்எஸ்-னால வர்றதா, ரிலாப்ஸா (நோய் திரும்பவும் கெளம்புறதா)? அம்மா கஞ்சி வச்சுக் குடுக்குறாங்க, அதையும் பயந்து பயந்துதான் குடிக்கிறேன். யாருக்காச்சும் இப்படி வந்திருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

தெம்பனிஸ் செல்வி:
தங்கச்சி, மொதல்ல அந்தப் பல்ல யாரையும் தொட விடாதம்மா. எனக்கும் எம்எஸ்தான், எனக்கும் இதே வலி, எடது பக்கம். பேரு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துல இருந்து உணர்ச்சிய மூளைக்கு கொண்டுபோற நரம்பு ஒண்ணு இருக்கு, அது மூளைத்தண்டுக்குள்ள நுழையுற எடத்துல நரம்ப மூடியிருக்க மயலின் உறை தேஞ்சு போச்சுன்னா, சும்மா காத்து பட்டதக்கூட நரம்பு பெரிய வலின்னு அனுப்பும். அதனாலதான் பல்லுல வலிக்கிற மாதிரியே இருக்கும், பல்லுல ஒண்ணுமே இருக்காது. எம்எஸ் இல்லாதவங்களுக்கும் இந்த வலி வரும், அவங்களுக்கு பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் நரம்ப அழுத்துறதுனால, அதுவும் கொஞ்சம் வயசானப்புறம். நம்மள மாதிரி எம்எஸ் உள்ளவங்களுக்கு சின்ன வயசுலயே வரும், சிலருக்கு ரெண்டு பக்கமும் வரும்.

ரிலாப்ஸான்னு கேட்ட. வலி மட்டும் வந்தா ரிலாப்ஸ்னு சொல்லிற முடியாது, எம்எஸ் முன்னாடி நரம்புல விட்டுட்டுப் போன பழைய தழும்புல இருந்தும் வரலாம். ஆனா முகம் மரத்துப்போச்சு, ரெண்டு ரெண்டா தெரியுது, தலை சுத்துது, கை கால் புதுசா பலம் கொறஞ்சுருச்சுன்னு ஏதாவது ஒரு நாளுக்கு மேல நின்னா அப்பாயின்மெண்ட் வரைக்கும் காத்திருக்காத, கிளினிக்குக்கு உடனே போன் போடு. இப்பவே கூட போன் போட்டு, முகத்துல ஷாக் மாதிரி வலி, சாப்பிட முடியலன்னு சொல்லி தேதிய முன்னாடி தள்ளித் தர சொல்லு. வெறும் வலின்னு மட்டும் சொன்னா வரிசையிலயே வச்சிருவாங்க, சாப்பிட முடியலங்கறத கண்டிப்பா சொல்லும்மா.

மருந்துக்கடை சிவா:
ஃபார்மசில வேலை பாக்குறேன், மருந்து பத்தி மட்டும் சொல்றேன், மத்தது உங்க டாக்டர் முடிவு. இந்த வலிக்கு பனடோல், ஐப்யூபுரோஃபென்லாம் வேலை செய்யாது. வழக்கமா மொதல்ல குடுக்குறது கார்பமாஸிபைன், வலிப்பு மருந்துதான், டெக்ரெடால்னு பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு முக்கியமான விஷயம்: சிங்கப்பூர்ல 2013லருந்து ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு புதுசா இத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எச்எல்ஏ-பி 1502ன்னு ஒரு மரபணு ரத்தப் பரிசோதனை பண்றது வழக்கமான நடைமுறை. அந்த மரபணு இருக்குறவங்களுக்கு இந்த மாத்திரையால தோல் உரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகுற ஸ்டீவன்ஸ் ஜான்சன்ங்கற நோய் வரக்கூடும். சீனர்கள், மலாய்க்காரங்கள விட நம்ம ஆளுங்கள்ல கம்மி, ஆனா இல்லாம இல்ல. அதனால யாரோ வீட்டுல மிச்சம் வச்சிருக்க மாத்திரைய கடன் வாங்கிப் போட்றாதீங்க. டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் மொதல் சில வாரம் காய்ச்சல், வாய்ப்புண், தோல்ல தடிப்பு வந்தா அடுத்த மாத்திரை போடாம உடனே டாக்டர்கிட்ட போங்க.

கொறஞ்ச அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க. தூக்கம் வரும், தள்ளாட்டம் வரும், எம்எஸ்-ல ஏற்கனவே கால் சரியில்லாதவங்களுக்கு அது இன்னும் கூடலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ரத்தத்துல சோடியம் கொறையுதான்னு பாப்பாங்க. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டா அதோட வேகம் கொறஞ்சிரும், அதயும் சொல்லிருங்க. கிரேப்ஃப்ரூட் வேண்டாம். இது ஒத்துவரலன்னா கேபபென்டின், பேக்ளோஃபென், லாமோட்ரிஜின்னு வேற வழி இருக்கு. வலி கொறஞ்சிருச்சேன்னு நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க.

புக்கிட் பாத்தோக் ராஜா:
சிஸ்டர், என் மனைவிக்கு இதே நெலம, நான்தான் கூட இருந்து பாத்துக்குறேன் அதனால வீட்டுல பண்றத சொல்றேன். நம்ம ஊர்ல இதுல பெரிய கொடுமை என்னன்னா எம்எஸ்-க்கு சூடு ஆகாது, வெயில்ல நடந்தா அவங்களுக்கு கண்ணு மங்கும் காலு ஓயும், அதுக்காக ஏர்கான் தேடி உள்ள போனா அந்த குளிர்காத்து கன்னத்துல பட்டு வலி பிடிச்சிக்கும். அதனால உடம்ப மட்டும் குளிர வைக்கிறோம், கழுத்துக்குப் பின்னாடி ஈரத்துண்டு, வெளிய போனா கூலிங் வெஸ்ட், முகத்துக்கு மட்டும் லூசா துப்பட்டா. மாஸ்க் சிலருக்கு நல்லா இருக்கும், இவங்களுக்கு அது உரசியே வலி வந்துச்சு, நீங்க ரெண்டும் போட்டுப் பாருங்க. பஸ்ல ரயில்ல காத்து நேரா விழாத எடமா பாத்து நில்லுங்க.

சாப்பாடு வெதுவெதுப்பா, மெல்ல வேண்டாத மாதிரி: கொழஞ்ச கஞ்சி, பால்ல ஊறவச்ச இடியாப்பம், மசிச்ச பருப்பு சாதம். வலி இல்லாத பக்கம் வச்சு சாப்பிட சொல்லுவேன். பல்லு வெளக்க மெத்து பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி. மாத்திரை நல்லா வேலை செய்யுற நேரம் எதுன்னு கவனிச்சு வச்சிருக்கோம், சாப்பாடு பல்லு வெளக்குறது எல்லாம் அப்பதான். எப்ப வந்துச்சு, எதுனால வந்துச்சுன்னு போன்ல எழுதி வைங்க, டாக்டர் மொதல்ல அதத்தான் கேப்பாரு.

இன்னொண்ணு, இந்த வலி மனச ரொம்ப நொறுக்கிரும், சாப்பிடவே பயம் வந்துரும், தனியா தாங்கிட்டு இருக்காதீங்க. ராத்திரில தாங்க முடியாத மாதிரி எண்ணம் வந்தா 1767க்கு போன் போடுங்க, சிங்கப்பூர்ல மனசு ஒடைஞ்சவங்களுக்கு ஆறுதலா பேசுற எஸ்ஓஎஸ் அமைப்போட நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க.

யீஷூன்வாசி:
செல்வி அக்கா, ராஜா அண்ணே, சிவா, ரொம்ப நன்றி, படிச்சதும் அழுதுட்டேன், இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரியாது. ரூட் கெனால் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரு சந்தேகம், மாத்திரை கேக்கலன்னா ஆப்பரேஷனா?

தெம்பனிஸ் செல்வி:
ஆப்பரேஷன்லாம் கடைசில யோசிக்கிறதுமா. ரத்தக்குழாய நகத்தி வைக்கிற ஆப்பரேஷன் எம்எஸ் உள்ளவங்களுக்கு மத்தவங்க அளவுக்கு பலன் தர்றதில்ல, ஏன்னா நமக்கு பிரச்சனை நரம்போட உறையிலயே இருக்கு. அதனால கன்னம் வழியா ஊசி விட்டு நரம்ப சூடாக்குறது, பலூன் வச்சு அழுத்துறது, காமா நைஃப் கதிர்னு பாப்பாங்க. வலி நல்லா கொறையும், ஆனா முகம் கொஞ்சம் மரத்துப்போகலாம், கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்பியும் வரலாம். எம்ஆர்ஐ எடுக்க சொன்னா எடுத்துரு, ரத்தக்குழாயும் சேந்து அழுத்துதான்னு அதுல பாப்பாங்க. நாளைக்கு காலைல மொத வேலையா கிளினிக்குக்கு போன் போடு, என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுது.