நாட்காட்டியில் வட்டமிட்ட இரவுகள்: குமரி மாவட்டத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

அகஸ்தீஸ்வரத்தான்

மார்ச் 3 அன்று நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த 2026ஆம் ஆண்டின் வான் நிகழ்வுகளை ஜனவரியிலேயே ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். மார்ச் 3, முழுச் சந்திர கிரகணம், முழுமை மாலை 4.34 முதல் 5.33 வரை. அந்த நேரத்தில் நமக்கு நிலவே உதிக்காது என்பதால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பிப்ரவரியில் வலது கண்ணில் புரை அறுவை நடந்திருந்தது. அன்று மாலை காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனவர்கள் இறங்கி வந்து, "நிலவில் ஒரு பக்கம் இல்லாதது போலத் தெரிகிறதே" என்றார்கள். நான் தலையைத் தூக்காமலே, "கண் இன்னும் ஆறவில்லை அம்மா, சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு படுங்கள்" என்றேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் செய்தித்தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முழுமை முடிந்தாலும் பகுதி கிரகணம் 6.47 வரை நீண்டிருக்கிறது. நமக்கு நிலவு எழுந்தபோது பூமியின் நிழல் இன்னும் அதன்மேல்தான் இருந்திருக்கிறது. அம்மாவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தக் கம்பிகளை எண்ணிய விரல் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இப்படி உங்களை விடாத ஓர் இரவு இருந்தால் எழுதுங்கள்.

சுசீந்திரம் கீழத்தெரு

2010 ஜனவரி 15. உங்களில் பலர் அன்று இங்கேயே இருந்திருப்பீர்கள், நிலவு நடுவை மறைக்கச் சூரியன் வளையமாக நின்ற அந்தக் கங்கண கிரகணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. முக்கடல் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் ஒரு பக்கம், தொலைநோக்கிகளோடு வந்த வெளியூர்க்காரர்கள் மறுபக்கம். மதியம் ஒன்றேகால் மணி இருக்கும். வீட்டில் ஒரே ஒரு கிரகணக் கண்ணாடி, அதை அண்ணன் தரவே மாட்டேன் என்றுவிட்டான்.

அழுகையை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பூவரச மரத்தடி நிழல் முழுவதும் வளையல்கள்! நூற்றுக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்று. இலைகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு சிறு துளையும் ஒரு சூரியனைத் தரையில் வரைந்துகொண்டிருந்தது. என் பாதத்தின் மேலும் மூன்று வளையல்கள் கிடந்தன. ஒன்பது நிமிடத்துக்கு மேல் அவை உடையவே இல்லை. 3043ஆம் ஆண்டு வரை அதைவிட நீண்ட கங்கணம் உலகில் எங்கும் வரப்போவதில்லை என்று பிறகு படித்தேன்.

அண்ணன் பத்தடி தூரத்தில் நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை. அவன் கண்ணாடியைத் தரவில்லை, நான் தரையைக் காட்டவில்லை. இப்போது அவன் மஸ்கட்டில் இருக்கிறான். இன்றுவரை அவனிடம் இதைச் சொன்னதில்லை.

கன்னியாகுமரி லாட்ஜ்காரன்

இரவு வானம் என்றுதானே தலைப்பு? பகல் கதையை ஏன் இங்கே எழுத வேண்டும்? நம் ஊரின் பெருமையே சித்ரா பௌர்ணமி. ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு கடற்கரையில் வடக்கே முகம் வைத்து நின்றேன். இடது கைக்கு நேரே சூரியன், வலது கைக்கு நேரே நிலவு, இரண்டும் ஒரே உயரத்தில். கைகளை விரித்தபோது தராசுத் தட்டுகளைப் பிடித்திருப்பது போல இருந்தது. பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பெரியவரும் என்னைப் பார்த்துக் கைகளை விரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. உலகத்தில் இங்கே மட்டும், ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் காணக் கிடைப்பது இது. அதை எந்த நாட்காட்டியிலும் போடுவதில்லை.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

லாட்ஜ்காரத் தம்பி, நீங்கள் கண்டது உண்மை, ஆனால் 'இங்கே மட்டும், ஒரே நாள்' என்பது சரியில்லை. பௌர்ணமி என்றாலே சூரியனுக்கு நேர் எதிரில் நிலவு இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே எல்லாப் பௌர்ணமியிலும், எல்லா ஊரிலும், ஒன்று இறங்கும் நேரத்தை ஒட்டித்தான் மற்றது ஏறும். சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம். நம் ஊரில் இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் கட்டடமும் மரமும் மறைக்காமல் அது கண்ணுக்குக் கிடைக்கிறது. சித்திரையில் மேகமும் குறைவு. சிறப்பு நம் கரையில் இருக்கிறது, தேதியில் இல்லை.

அகஸ்தீஸ்வரம் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாட்காட்டியில் உள்ள நேரம் உலக நேரமா இந்திய நேரமா என்று முதலில் பாருங்கள். உலக நேரமென்றால் ஐந்தரை மணி கூட்டுங்கள். பிறகு நாகர்கோவிலின் நிலவு உதயத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அதைச் செய்யாமல் எந்த வரியையும் அடிக்காதீர்கள். அடுத்தது மழை. ஆகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சீட் எரிமீன்களைத் தென்மேற்குப் பருவமழை மறைக்கும், டிசம்பர் 13, 14இல் வரும் ஜெமினிட்களை வடகிழக்கு மறைக்கும். இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜனவரி முதல் மே தொடக்கம் வரைதான் நமக்கு வானம். மே 5, 6 விடியற்காலையில் கும்ப ராசியிலிருந்து எரிமீன்கள் வரும், அவற்றை ஈட்டா அக்குவாரிட் என்பார்கள். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசு அது. வடநாட்டவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும், அதற்குள் கைப்பேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சின்மேல் சிவப்புக் காகிதம் கட்டுங்கள். மலிவான தொலைநோக்கியை வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள், ஏழுக்கு ஐம்பது இருவிழிநோக்கி (ஏழு மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் வில்லை) ஒன்று போதும். அதைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

என் அனுபவம் சிறியது. 1986 மார்ச்சில் ஒரு விடியற்காலை பதினோரு மாணவர்களை மருந்துவாழ் மலையில் ஏற்றி ஹாலியைக் காட்டினேன். தென்கிழக்கே ஊதிவிட்ட சுண்ணாம்புத் தூள் போல ஒரு மங்கல், அவ்வளவுதான். "பார்த்தாயா?" என்று ஒவ்வொருவனிடமும் கேட்டேன். "பார்த்தேன் சார்" என்றார்கள் பதினோரு பேரும். அது திரும்பி வருவது 2061இல். அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே பார்த்தார்கள் என்று இப்போதும் சில இரவுகளில் யோசிக்கிறேன்.

தூத்தூர் கடல்

ஆசிரியர் ஐயா, உங்கள் நாட்காட்டிகளில் எங்கள் வெள்ளிகள், அதாவது நாங்கள் வழி பார்க்கும் நட்சத்திரங்கள், எதுவும் இருப்பதில்லை. துருவ நட்சத்திரத்தை வைத்துத் திசை பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரம், நீட்டிய கையின் முஷ்டி அளவுகூட இல்லை. கடல் மூட்டத்தில் பாதி இரவுகள் தெரியாது. என் பாட்டா தெற்கே பார்ப்பார். தென்சிலுவையை எங்கள் வீட்டில் குருசு வெள்ளி என்போம். அது நேராக நிமிர்ந்து நின்றால் அதன் அடிதான் தெற்கு. பகலில் மலை முகடுகளைக் குறிவைத்துக் கடலில் இடம் கணிப்பார், அதைக் கணியம் என்போம்; இரவில் குருசு வெள்ளி.

நான் எழுத வந்தது 2018 ஜனவரி 31. ஒக்கி புயல் அடித்து இரண்டு மாதமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அண்ணன் போன படகு திரும்பவில்லை. அன்று நிலவு கிழக்கே தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து கிரகணத்தோடேயே வந்தது. இருட்டியபோது துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் நின்றது. ஏழரை வரை அப்படியே இருந்தது. திண்ணையில் இருந்த மதினி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அங்கேயும் தெரியுமா?" என்று கேட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. "தெரியும் மதினி, கடலில் இன்னும் நன்றாகத் தெரியும்" என்றேன். அவர்கள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, நிலவு வெளுக்கும் வரை அங்கேயே இருந்தார்கள்.

அருமனை பால்வெட்டு

2023 டிசம்பர் 14, விடியற்காலை மூன்றரை மணி. ரப்பர் தோட்டத்தில் நெற்றி விளக்கோடு குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை பச்சை வெளிச்சமானது. நிமிரவில்லை, பயத்தில் கழுத்து திரும்பவில்லை. ஆனால் தரையைப் பார்த்தேன். ரப்பர் மரங்களின் நிழல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சுழன்றன. வேலி இருந்த பக்கத்திலிருந்து என் கால்களைக் கடந்து ஓடைப் பக்கம் வரை, இரண்டு வினாடி. சிரட்டையில் விழுந்துகொண்டிருந்த பால்கூடப் பச்சையாகத் தெரிந்தது. பிறகு பழைய இருட்டு. சத்தமே இல்லை. இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், மரங்கள் அசையாமல் நிழல் மட்டும் ஓடியதை வேறெப்போதும் பார்த்ததில்லை. சுசீந்திரம் தரையைப் பார்த்ததைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

தக்கலை சந்தை ரோடு

அருமனை அண்ணன் பார்த்தது எரிமீனாக இருக்காது. செயற்கைக்கோள் துண்டுகள் விழும்போதும் இப்படித்தான் வெளிச்சம் வருமாம், வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ரப்பர் தோட்டத்துக்குள் வானமே தெரியாது, பிறகு எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? நான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். 2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் நெருங்கிய மாலை. 1623க்குப் பிறகு அவை அவ்வளவு நெருங்கியதில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு நடுவே தென்மேற்கில் தாழ்வாக ஒரே புள்ளி தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இறக்கை குறுக்கே வந்து மறைத்துவிட்டுப் போனது.

அருமனை பால்வெட்டு

அது எரிமீன்தான் என்று நான் எழுதவே இல்லை, தம்பி. நிழல் ஓடியது என்றுதான் எழுதினேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

தக்கலைத் தம்பி, விழும் செயற்கைக்கோள் வினாடிக்கு எட்டு கிலோமீட்டருக்குள்தான் போகும். வானத்தைக் கடக்க அரை நிமிடமும் அதற்கு மேலும் ஆகும், துண்டு துண்டாக ஊர்ந்துபோகும். ஜெமினிட் கல் வினாடிக்கு 35 கிலோமீட்டர். இரண்டே வினாடியில் நிழல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் போனது என்பதும், அது ஜெமினிட் உச்சத்தை ஒட்டிய இரவு என்பதும் அருமனைக்காரர் பக்கம் நிற்கின்றன. டிசம்பரில் மழை மறைக்கும் என்று மேலே எழுதியவன் நான்தான். அன்று மறைக்கவில்லை, மகிழ்ச்சி.

வடசேரி மருமகள்

போன செப்டம்பர் 7. ஓணம் முடிந்து இரண்டாம் நாள், ஆவணி ஞாயிறு. காலையில் நாகராஜா கோயிலில் பாலூற்றி வணங்கிவிட்டு வந்தோம். இரவு கிரகணம், முழுமை 11 மணியிலிருந்து 12.22 வரை. எனக்கு ஏழாம் மாதம். வெளியே தலை காட்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள். என் கணவரும் நானும் வாதாடிப் பார்த்தோம், பலனில்லை. எங்களுடையது நடுமுற்றம் உள்ள பழைய வீடு. அத்தை தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்திவைத்தார்கள். நான் உள்ளறை வாசற்படியில், முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது அத்தை, "மக்களே, இங்கே திரும்பு" என்றார்கள். தாம்பாளத்தைச் சத்தமில்லாமல் முற்றத்தின் நடுவுக்கு நகர்த்தி என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். நிலவு அப்போது கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. உலக்கையின் பூணுக்கு அருகே தண்ணீரில் செம்புக் காசு போல ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. "தண்ணீரில் பார்த்தால் குற்றமில்லை" என்றார்கள். எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இருவரும் குனிந்து நின்று பார்த்தோம், என் முதுகு வலிக்கும் வரை.

மகள் நவம்பரில் நலமாகப் பிறந்தாள். அன்று கணவரோடு சேர்ந்து அத்தையிடம் நான் பேசிய பேச்சை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுசீந்திரம் தம்பி, மஸ்கட்டுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். 2031 மே 21இல் கேரளமும் தமிழ்நாடும் வழியாக இன்னொரு கங்கணம் போகிறது. அண்ணனுக்கு விடுப்பு எடுக்க ஐந்து வருடம் இருக்கிறது.

அகஸ்தீஸ்வரத்தான்

அனைத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தூத்தூர்க்காரர் எழுதியதை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. அது ஆறியபின் குருசு வெள்ளியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மே 16 அமாவாசை, நிலவின் தொல்லை இருக்காது. சொத்தவிளைக் கரை சரியாக இருக்குமா? அவர்களால் மணலில் அதிக தூரம் நடக்க முடியாது.

தூத்தூர் கடல்

சொத்தவிளை வேண்டாம் அண்ணே, மணல் அதிகம். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், திண்ணையிலிருந்து பார்த்தாலே கடல்தான். இரவு ஒன்பது மணிக்குக் குருசு வெள்ளி நேராக நிமிர்ந்து நிற்கும், அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில். தெரு விளக்கை அணைக்க மின்வாரியத்தில் சொல்லிப் பார்க்கிறேன், முடியாவிட்டால் சாக்குப் போட்டு மறைத்துவிடலாம். மதினியிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி இருக்கிறது.