பாகப்பிரிவினை வழக்கு எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்பது? தீர்ப்பு நகல் எங்கே வாங்குவது?

மானாமதுரைக்காரன்
வணக்கம். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டுப் போட்ட வழக்கு. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டுதான். அதில் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண், 2014 என்ற வருடம், மாவட்ட முன்சீப் கோர்ட் என்பது மட்டும் இருக்கிறது. மேலே அப்பீல் போய், மதுரை வரை போனதாகச் சொல்கிறார்கள். பட்டா மாற்றப் போனால் தாலுகா ஆபீசில் கோர்ட் தீர்ப்பு கேட்கிறார்கள். வழக்கு இப்போது எந்தக் கோர்ட்டில் இருக்கிறது? இணையதளத்தில் வரும் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாமா?

கோர்ட்பாதை
முதலில் வழக்கு ஏறும் படியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்தில் முதல் அப்பீல், அதற்கு ஏ.எஸ். என்று தனி எண் விழும். அதற்கும் மேலே உயர்நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல், எஸ்.ஏ. எண். சிவகங்கை மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வருவதால் எண்ணோடு 'எம்.டி.' என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். 2004 ஜூலையில் கிளை தொடங்கியதிலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் எண் வரிசை தனித்தனி. 'எம்.டி.' இல்லாமல் தேடினால் சம்பந்தமே இல்லாத வேறு வழக்கு வந்து நிற்கும்.

தேட வேண்டிய இடமும் இரண்டு. கீழ்க் கோர்ட்டுகளுக்கு, வழக்கு விவரம் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்தின் மாவட்ட நீதிமன்றப் பகுதி. உயர்நீதிமன்றத்துக்கு வேறு பக்கம். அங்கே சென்னையா மதுரைக் கிளையா என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டம், நீதிமன்ற வளாகம், வழக்கு வகை, எண், வருடம் கொடுத்தால் பக்கம் திறக்கும். பெயர் வைத்துத் தேடினால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருப்பதால் சண்முகம், ஷண்முகம் இரண்டையும் போட்டுப் பாருங்கள். நிலுவை, முடிந்தது என்று கேட்கும் இடத்தில் 'இரண்டும்' என்று கொடுங்கள். பலர் நிலுவையில் மட்டும் தேடிவிட்டு வழக்கே இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துவையுங்கள். 16 இடம் கொண்டது: மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு, கோர்ட்டுக்கு இரண்டு இலக்கம், வரிசை எண் ஆறு இலக்கம், வருடம் நான்கு. நடுவில் இருக்கும் ஆறு இலக்கம் உங்கள் ஓ.எஸ். எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஓ.எஸ்., ஏ.எஸ்., எஸ்.ஏ. மூன்றுக்கும் தனித்தனி சி.என்.ஆர். இருக்கும்.

மானாமதுரைக்காரன்
நன்றி அண்ணே. ஓ.எஸ். பக்கம் கிடைத்துவிட்டது. 'டிஸ்போஸ்டு' என்று காட்டுகிறது. அப்படியென்றால் முடிந்துவிட்டதுதானே?

செம்மண்
இங்கேதான் பாகப்பிரிவினை வழக்கில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். இதில் டிகிரி (தீர்ப்பாணை) இரண்டு. யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது பிரிலிமினரி டிகிரி. கோர்ட் அனுப்பும் ஆணையர் போய் நிலத்தை அளந்து, இன்னாருக்கு இந்த நான்கெல்லைக்குள் இவ்வளவு என்று பிரித்த பிறகு வருவது ஃபைனல் டிகிரி. முதலாவது வந்ததுமே தளத்தில் டிஸ்போஸ்டு என்று விழுந்துவிடும். ஃபைனல் டிகிரி கேட்கும் மனு அதே ஓ.எஸ்.-ல் ஐ.ஏ. (இடைமனு) எண்ணாக ஓடும்.

அதனால் அந்த ஒரு சொல்லை நம்ப வேண்டாம். பக்கத்தைக் கீழே இழுத்தால் வாய்தாத் தேதிகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்று நடந்தது இரண்டு வரியில் வரும். கடைசித் தேதியில் 'பிரிலிமினரி டிகிரி பாஸ்டு' என்று இருந்தால் பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். '1/4 பங்கு' என்று மட்டும் சொல்லும் தீர்ப்பை வைத்துக்கொண்டு நிலத்தை உட்பிரிவு செய்ய முடியாது. எந்த மூலை யாருடையது என்று அதில் இருக்காது. தாலுகா ஆபீசில் கேட்பது பெரும்பாலும் ஃபைனல் டிகிரியைத்தான்.

பயப்படவும் வேண்டாம். ஃபைனல் டிகிரி கேட்பதற்குக் காலவரம்பு இல்லை என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரிலிமினரி டிகிரி கொடுத்த கோர்ட்டே, மனுவுக்குக் காத்திராமல், அடுத்த கட்டத்துக்கு வாய்தா போட வேண்டும் என்று 2022-ல் சொன்னது. அப்பீல் போட்டதாலேயே கீழ்க் கோர்ட் வேலை நின்றுவிடாது. தடை உத்தரவு இருக்கிறதா என்று எஸ்.ஏ. பக்கத்தில் தனியாகப் பாருங்கள்.

அதே பட்டியலில் 'செட் எக்ஸ்பார்ட்டி' (ஆஜராகாததால் அந்தத் தரப்பு இல்லாமலே வழக்கு நடப்பது) என்ற சொல் உங்கள் தரப்புக்கு எதிரே இருந்தால் உடனே வக்கீலிடம் போங்கள். எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாகக் கைக்கு வந்து சேரவில்லை என்றால் டிகிரி தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும்.

நகல்பிரிவு
மற்ற இரண்டு கேள்விகளுக்கு. தளத்து பிரிண்ட் படித்துப் புரிந்துகொள்ள மட்டும். ஆபீசில் கொடுக்க, அப்பீல் போட, கோர்ட் முத்திரையோடு வரும் சான்றிட்ட நகல் வேண்டும். தகவல் உரிமை மனு வேண்டாம். நகலைக் கோர்ட் விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

வழி: தீர்ப்புச் சொன்ன கோர்ட்டின் நகல் பிரிவில் நகல் மனு. அதில் வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தரப்பினர் பெயர் எழுதி, 'தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள். தீர்ப்பு காரணத்தைச் சொல்வது, தீர்ப்பாணைதான் டிகிரி. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு மறுபடி அலைபவர்கள் நிறைய. வழக்கில் உங்கள் பெயர் இல்லையென்றால், ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

நகலில் இருக்கும் தேதிக் கட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மனுக் கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அப்பீல் கெடுவைக் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான். முன்சீப் கோர்ட் டிகிரி 2025 ஜூன் 2 என்று வையுங்கள். முதல் அப்பீலுக்கு 30 நாள், அதாவது ஜூலை 2 வரை. ஜூன் 9 மனுப் போட்டு ஜூன் 24-ஆம் தேதி நகல் தயாரானால் அந்த 16 நாள் கழிவு. ஜூலை 18 வரை நேரம். ஆனால் கட்டணம் கட்டச் சொன்ன பிறகு நீங்கள் இழுத்தடித்த நாளும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் கழிவில் சேராது. இவற்றை ஒட்டும் அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் விட்டுக் கெடுவைத் தவறவிடுவது இப்படித்தான். இரண்டாம் அப்பீலுக்கு 90 நாள், கணக்கு இதேதான்.

சட்டப் பிரிவுகளை இந்தியா கோட் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்.சி.ஆர். தளம் 2023-லிருந்து இருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு உண்டு, தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கில் அத்தையோ சகோதரியோ பங்குதாரராக இருந்தால் அவர்கள் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம்.

மானாமதுரைக்காரன்
கடைசித் தேதியைத் தொட்டுப் பார்த்தேன், பிரிலிமினரி டிகிரிதான். எஸ்.ஏ. பக்கத்தில் தடை உத்தரவு எதுவும் இல்லை. திங்கட்கிழமை தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் நகல் மனுப் போடுகிறேன்.

செம்மண்
போகும்போது அந்த ஓ.எஸ்.-ல் ஐ.ஏ. ஏதாவது ஏற்கெனவே நிலுவையில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பு ஃபைனல் டிகிரி மனுப் போட்டிருந்தால் நீங்கள் புதிதாகப் போட வேண்டியதில்லை, அதிலேயே ஆஜராகலாம்.