செயின்சாவுக்கு 2டி ஆயில்: லிட்டருக்கு 20 மில்லியா, 40 மில்லியா?

தோப்புக்காரன்:
பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு. பட்டுப்போன மரங்களை அறுக்க 58 சிசி சைனா செயின்சா (மோட்டார் ரம்பம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். கூட வந்த காகிதத்தில் 25:1 என்று போட்டிருக்கிறது, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்). பக்கத்துத் தோப்பில் ஸ்டில் கம்பெனி மெஷின் வைத்திருப்பவர் 20 மில்லிதான் ஊற்றுகிறார், 40 ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும் என்கிறார். ஆயில் கூடப் போனால் மெஷினுக்கு நல்லதுதானே? பைக்குக்குப் போடும் 2டி ஆயில் போதுமா?

பட்டறை_குமார்:
இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆயில்தான் வேறு. ஸ்டில்லின் பழைய கையேடுகளிலேயே அவர்கள் ஆயில் என்றால் 50:1, வேறு ஆயில் என்றால் 25:1 என்றுதான் இருக்கும். ஹஸ்க்வர்னா கம்பெனியும் அப்படித்தான், சொந்த ஆயிலுக்கு 50, வெளி ஆயிலுக்கு 33. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எஃப்டி (ஜப்பான் ஆயில் தரக் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள், புகையும் கரியும் குறைவு. எஃப்பி என்றால் சாதாரண ரகம், 50:1 நினைக்கவே வேண்டாம். படகு இன்ஜின் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அது தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு, காற்றில் குளிரும் செயின்சாவின் சூட்டுக்குத் தாங்காது.
ஆயில் கூடினால் நல்லது என்பது பாதி உண்மை. ஆயில் ஏறும் அளவுக்கு கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) வழியே போகும் பெட்ரோல் குறைகிறது, கலவை லீன் ஆகி, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், சூடு ஏறும். அதனால் அளவை மாற்றினால் எச் ஸ்க்ரூவையும் (வேகமாக ஓடும்போது போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகு) செட் பண்ண வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

மலைக்காடு:
குமார் அண்ணே, புது மெஷினுக்கு 25:1தான் என் கட்சி. கேரண்டி கேட்டுப் போனால் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார்கள். கொஞ்ச நாள் ஓடி ஓட்டம் பிடித்த பிறகு நல்ல எஃப்டி ஆயிலோடு 40:1 போகலாம், லிட்டருக்கு 25 மில்லி. அளக்க மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், மூடியில் ஊற்றும் கணக்கெல்லாம் வேண்டாம்.

பட்டறை_குமார்:
40:1க்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் பிஸ்டனில் கீறல் விழுந்து வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் கலவை அளவால் இல்லை, பழைய பெட்ரோலால். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஹஸ்க்வர்னா கையேடோ 10க்கு மேல் வேண்டாம் என்கிறது. கேனில் ஈரம் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், அதில் ஆயில் இருக்காது, டேங்கில் ஊற்றினால் உள்ளிருக்கும் டியூப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். கார்புரேட்டர் டயாஃப்ரமும் (மெல்லிய சவ்வு) விறைத்துப்போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, கேனை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். மெஷினைத் தூக்கி வைப்பதென்றால் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் தீர்ந்து மெஷின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

தோப்புக்காரன்:
சரி, முதலில் 25:1, எஃப்டி ஆயில் வாங்கிவிடுகிறேன். பிளக் என்ன நிறத்தில் இருந்தால் சரி?

மலைக்காடு:
வெளிர் பழுப்பு. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள்.