எல்லையோரத் தமிழ்வழி வகுப்பில் படைப்பாற்றலையும் பரிவையும் வளர்ப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதுகிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கிறேன். மலையாள வழிப் பிரிவும் தமிழ் வழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் தென்னந்தோப்பிலும் வயலிலும் கூலி வேலை செய்பவர்கள். விடியற்காலையில் பொள்ளாச்சிப் பக்கம் பேருந்தேறி வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்மாரும் உண்டு.

வீட்டு வாசலிலும் ஊர்த் திருவிழாவிலும் ஓயாமல் பேசுகிற இந்தப் பிள்ளைகள், பள்ளி அசெம்பிளியில் வாய் திறப்பதில்லை. அவர்கள் மலையாளம் பேசும்போது தமிழ் ஓசை கலந்துவிடுகிறது. உடனே யாராவது ஒருவர் அதே ஓசையில் திருப்பிச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் துள்ளிக் கொண்டு கை தூக்கிய பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வரும்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. படம் வரையச் சொன்னால் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை என்று ஒரே படத்தை வரைகிறார்கள். கதை எழுதச் சொன்னால், "எத்தனை வரி எழுத வேண்டும் டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை வரைதல், எழுதுதல், மனம்விட்டுப் பேசுதல் ஆகியவற்றுக்கு ஒதுக்க விரும்புகிறேன். தலைமையாசிரியர் மறுக்கவில்லை, ஆனால் ஆண்டு முடிவில் இதனால் என்ன பலன் என்று பி.டி.ஏ. என்னும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்டால் எதைக் காட்டுவது என்கிறார். அவர் கேட்பதும் நியாயமே. என் கவலை வேறு. இந்தப் பாடவேளை இன்னொரு போட்டியாக மாறிவிடக் கூடாது. அறிவுரை சொல்லும் நேரமாகவும் ஆகிவிடக் கூடாது. நீதிப்பாடல்களை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளே அடுத்த நிமிடம் பக்கத்தில் இருப்பவனைக் கேலி செய்வதை நாள்தோறும் பார்க்கிறேன். எல்லைப் பகுதிப் பள்ளிகளில் இதை நடத்திப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

தேவிகுளம் ஆசிரியர்:

வணக்கம் டீச்சர். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு மலையும் ஒரு சூரியனும் இங்கும் உண்டு. சன்னலைத் திறந்தால் உண்மையான மலையே தெரியும் இடத்திலும் பிள்ளைகள் அதே முக்கோண மலையைத்தான் வரைகிறார்கள்.

முதலில் பரிசை நிறுத்துங்கள் என்று சொல்வேன். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தாமாகவே ஆசையோடு வரைந்து கொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் பரிசுச் சான்று தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு அதைக் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பரிசை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. ஆசையால் செய்த காரியம், கூலிக்குச் செய்யும் காரியமாக மாறியதும் அதன் சுவை போய்விடுகிறது.

கலோற்சவம் என்னும் கேரளப் பள்ளிக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1957 முதல் நடந்து வரும் அந்த மாநில விழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலும் தமிழ்ப் பேச்சும் போட்டிகளாக இருப்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டு, எங்கள் இடுக்கி மலைகளின் பளியர் நடனமும் மலைப்புலையர் ஆட்டமும் மேடையேறியபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அந்த மேடை ஒரு பள்ளியில் சிலருக்கு மட்டுமே கிடைக்கும். உங்கள் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் உரியது. இரண்டையும் கலக்காதீர்கள்.

நாங்கள் செய்வது கையெழுத்து இதழ். வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. தேர்வும் இல்லை, நீக்கமும் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையால் திருத்துவதில்லை. பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு இலக்கணப் பாடத்தில், யாருடையது என்று சொல்லாமல் கற்பிப்பேன். பக்கத்தின் அடியில் என் பங்காக ஒரே ஒரு கேள்வி எழுதுவேன்: "அந்த நாய் பிறகு எங்கே போனது?" என்பது போல. மறுவாரம் அந்தப் பிள்ளை அதற்கு விடையாக இன்னும் அரைப்பக்கம் எழுதிக் கொண்டு வரும். அப்போது எத்தனை வரி என்று யாரும் கேட்பதில்லை.

தலைப்பு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 'இயற்கை' என்று சொன்னால் பாடப்புத்தக வரிகள் வரும். 'கொழுந்து நிறுக்கும்போது அம்மா என்ன பேசினார்கள்', 'எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கூரையில் மழை' என்று சொன்னால் அவர்களுடைய வரிகள் வரும். உங்கள் பிள்ளைகளுக்குத் தென்னையேறும் அப்பாவின் கைகளை வரையச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றைத் தயங்கியே எழுதுகிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு எங்கள் மூணாறு மலையின் பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேரை இழந்தோம். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பின்பு மழை வலுத்தாலே நடுங்கும் பிள்ளைகளை இந்த மலையெங்கும் பார்த்தோம். வாயால் சொல்ல முடியாததை அவர்கள் வரைந்தார்கள். யாரும் அந்தப் படங்களுக்கு மதிப்பெண் போடவில்லை, சுவரிலும் ஒட்டவில்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்தோம், அவ்வளவே. படைப்பு வகுப்பு ஆடம்பரம் என்று எண்ணுபவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான்.

நகரி ஆசிரியர்:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் விசைத்தறிக் குடும்பங்கள் மிகுதி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள்.

பரிவு என்பது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலையைக் கொடுத்தால் தானே வரும். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையம், சுற்றியுள்ள சிற்றூர்களின் சிறு பள்ளிகளுக்காக ஏணிப்படி போன்ற கற்றல் அட்டைகளை உருவாக்கியது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்து, முன்னே சென்ற பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குக் கற்றுத் தருவது அங்கே பாடமுறையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் வழிகாட்டியாக அமைந்தது இந்த முறையே. உதவுவது அங்கே நற்பண்பு என்று பாராட்டப்படுவதில்லை, அன்றாட வேலையாக நடக்கிறது. பாராட்டு இல்லாததால்தான் அது நிலைக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் ஊரில் இதற்கு மிகப் பொருத்தமான ஒரு கலை கைக்கருகிலேயே இருக்கிறது. பாலக்காட்டுப் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், அதாவது கூத்துக்கான மேடைக் கட்டடங்களில், திரையில் நிழலாக நடக்கும் தோல்பாவைக்கூத்தைச் சொல்கிறேன். அங்கே பாடப்படுவது கம்பராமாயணம். பாட்டு தமிழ், அதற்குக் கூத்தை நடத்தும் புலவர் சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த நடை. தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைக் காண முடியாமல் போன காளிக்காகவே இந்தக் கூத்து நடக்கிறது என்பது ஐதிகம். மலையாளம் பேசும் ஊர்கள் தமிழ்ப் பாட்டை இத்தனை தலைமுறையாகக் கோயிலில் வைத்துக் காத்து வருகின்றன என்பதை இரு பிரிவுப் பிள்ளைகளும் அறிய வேண்டாமா?

இரு பிரிவுகளையும் கலந்து சிறு குழுக்களாகப் பிரித்து, அட்டைப் பாவை செய்யச் சொல்லுங்கள். கதை அவர்களுடையதாக இருக்கட்டும். பாட்டையும் பேச்சையும் தமிழ்ப் பிள்ளை சொல்லித் தர வேண்டும். அதற்கான மலையாள விளக்கத்தை மற்றப் பிள்ளை கட்ட வேண்டும். இதுவரை சிரித்தவன், இப்போது சரியாக உச்சரிக்கத் தெரியாமல் தமிழ்ப் பிள்ளையிடம் கேட்டு நிற்பான். அவனை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக் கொள்வதும் உங்கள் பொறுப்பு.

தேவிகுளம் நண்பர் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து மேடையை முழுவதும் விலக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து மகாபாரதத் திருவிழாக்களில் பதினெட்டு நாள் கூத்து நடக்கும்போது, ஊர் நடுவே வேடம் கட்டி நின்ற பையன் அதன் பிறகு யாருக்கும் அஞ்சியதில்லை. ஊர் பார்க்கிறது என்கிற பெருமையும் பிள்ளைக்கு வேண்டும்.

குமுளி மனநல ஆலோசகர்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். மனம்விட்டுப் பேசுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடங்கும் முன் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

"நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மனம் திறந்து எழுதும் வாய்ப்பு கிடைத்தால், என்றேனும் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையை எழுதும். அது பாலியல் வன்முறை பற்றியதாக இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ என்னும் குழந்தைகள் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது குற்றம். ஆகவே, "நீ எழுதுவதைப் பத்திரமாக வைத்திருப்பேன். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக் கூடியவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தின் நேர்மையே பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும்.

கேலியைப் பொறுத்தவரை, கேலி செய்பவனையும் கேலிக்கு ஆளாகும் பிள்ளையையும் மட்டும் பார்க்கிறோம், சிரிப்பவர்களை விட்டுவிடுகிறோம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா என்னும் பள்ளித் திட்டம் சுற்றி நிற்பவர்களையே முதன்மையாகக் கருதுகிறது. சிரிப்புக் கிடைக்காத இடத்தில் கேலி நீடிப்பதில்லை. எனவே சிரிக்கிற நாலைந்து பேரைத் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள், "அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறானே, நீ என்ன செய்யலாம்?" என்று கேட்டு, விடையை அவர்களே சொல்லும் வரை காத்திருங்கள். கேலிக்கு ஆளான பிள்ளையை எல்லோர் முன்னும் எழுப்பி நிறுத்தி, கேலி செய்தவனை மன்னிப்புக் கேட்க வைப்பது வேண்டாம். அது அந்தப் பிள்ளையை இரண்டாம் முறையும் காட்சிப் பொருளாக்கிவிடும்.

வருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பாண்டி' என்று தமிழ்ப் பிள்ளைகளை இழிவாக அழைப்பதைச் சில ஆசிரியர் அறைகளிலேயே கேட்டிருக்கிறேன். பெரியவர்களின் பேச்சு திருந்தாமல் பிள்ளைகளின் பேச்சு திருந்தாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை, மதிய உணவைத் தனியே ஒளிந்து உண்ணும் பிள்ளை, கையெழுத்து திடீரென்று குலைந்துபோன பிள்ளை ஆகியோரைக் குறித்து வையுங்கள். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உங்கள் வகுப்பின் வயது அதுவே. பள்ளிக்கு வரும் ஆலோசகருக்குத் தமிழ் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால், தமிழறிந்த ஒருவரை அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். பிள்ளை தன் துயரத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை கூடாது. அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் உண்டு. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முதல் வாரத்திலிருந்தே கையெழுத்து இதழைத் தொடங்கப் போகிறேன். பாவைக்கூத்தை மலையாளப் பிரிவு ஆசிரியையிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டு, தம் வகுப்பையும் அதே பாடவேளையில் அனுப்புவதாகக் கூறினார். வாக்குறுதி பற்றி ஆலோசகர் எழுதியதை அப்படியே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும். தலைமையாசிரியர் கேட்ட பலனுக்கு என்ன விடை சொல்வது? பாவை செய்வதற்கு எங்களிடம் பணம் இல்லை. எளிய முறை உண்டா?

தேவிகுளம் ஆசிரியர்:

கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொடுங்கள் டீச்சர். பிள்ளையை அச்சம், மன அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவித்துத் தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லத் துணை செய்வது பாடத்திட்டத்தின் கடமை என்று அது கூறுகிறது. இயன்ற வரை தாய்மொழிவழிக் கல்வியையும் அதே பிரிவு வலியுறுத்துகிறது. பெற்றோருக்குச் சட்டம் வேண்டாம். ஜூன் மாதப் பக்கத்தையும் பிப்ரவரி மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளையே அதைப் படித்துக் காட்டட்டும்.

நகரி ஆசிரியர்:

பணம் தேவையில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களும் சட்டைப் பெட்டி அட்டைகளும் போதும். கை, கால்களைத் தனியே வெட்டி, துளையிட்டு, நூலை இருபுறமும் முடிச்சிட்டு இணைத்தால் தளர்வாக ஆடும். கண், நகை, உடைக் கோடு ஆகியவற்றைத் தடித்த ஊசியால் துளைகளாகக் குத்தினால் அவற்றின் வழியே ஒளி வரும். ஈர்க்குச்சி ஒடிந்துவிடும், மூங்கில் குச்சியைப் பாவையின் முதுகில் கட்டுங்கள். இரண்டு மேசைகளைக் கவிழ்த்து அவற்றின் கால்களுக்கு இடையே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் திரை ஆயிற்று. கூத்துமாடத்தில் தேங்காய் மூடிகளில் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள். வகுப்பறையில் அட்டையும் துணியும் இருப்பதால் நெருப்பு வேண்டாம். ஒரு மின்விளக்கைப் பாவைகளுக்குப் பின்னால் ஓரடி உயரத்தில் வைத்து, சன்னல்களைச் சாத்திவிடுங்கள். முதல் கூத்து பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.