உள்ளங்கையில் கொப்புளம், வாயில் புண்: அம்மையா, தக்காளிக் காய்ச்சலா?

மழலைமணி:
மூன்று வயதுப் பெண் குழந்தை, எடை 12 கிலோ. முந்தாநாள் காய்ச்சல். நேற்றிலிருந்து உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் சிவப்பாகக் கொப்புளம். வாயிலும் புண், எதையும் விழுங்க மாட்டேன் என்கிறாள். பெரியவர்கள் அம்மை என்கிறார்கள், குளிப்பாட்டவே கூடாதாம். பிளே ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேச்சு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வீட்டில் 8 மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது.

வார்டு சிஸ்டர்:
கொப்புளம் எங்கே வந்திருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சின்னம்மை மார்பு, முதுகு, முகம், தலைமுடிக்குள் என்று கிளம்பும்; நன்றாக அரிக்கும்; ஒரே நேரத்தில் புதுச் சிவப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் பார்க்கலாம். நீங்கள் சொல்வது கை-கால்-வாய் நோய் மாதிரி இருக்கிறது. இதில் கொப்புளம் நீள்வட்டமாக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும், அரிப்பு குறைவு. 2022-இல் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பானதும் புது வைரஸ் இல்லை, இதே நோய்தான். ஆனால் இந்த நோயைத் தரும் வைரஸ்களில் காக்ஸாக்கி ஏ6 என்ற வகை வந்தால் முழங்கை, முழங்கால், வாயைச் சுற்றியெல்லாம் பரவி அம்மை போலவே ஏமாற்றும். அதனால் ஒருமுறை டாக்டரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

குளிப்பாட்டலாம், வெதுவெதுப்பான தண்ணீரில். வேப்பிலையை வாசலில் கட்டுவதில் ஒன்றும் கெட்டுப்போகாது. மஞ்சளோடு அரைத்து உடைந்த கொப்புளத்தில் பூசுவதுதான் வேண்டாத வேலை, சீழ் பிடிக்கும்.

மருந்துச்சீட்டு:
இது வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. அப்படியானால் 12 கிலோவுக்கு 180 மி.கி. இங்கேதான் தவறு நடக்கிறது: 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி., 250 மி.கி. உள்ளதென்றால் 3.6 மி.லி. பாட்டில் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்லையும் குழந்தைக்குத் தடவ வேண்டாம்.

சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக்கூடாது. புளிப்பு, காரம், சூடு மூன்றும் எரியும். ஆறிய ராகிக் கூழ், குளிர்ந்த பால், இளநீர், ஐஸ்கிரீம்கூட ஓகே. ஸ்பூன் ஸ்பூனாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பாராசிட்டமால் கொடுத்து அரை மணி கழித்து ஊட்டினால் விழுங்குவாள்.

மழலைமணி:
நன்றி சிஸ்டர், நன்றி சார். சின்னவனுக்கு ஒட்டாமல் இருக்க சானிட்டைசர் போதுமா? ஸ்கூலுக்கு எப்போது அனுப்பலாம்?

வார்டு சிஸ்டர்:
சானிட்டைசரை நம்பாதீர்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும், முக்கியமாக மலம் கழுவிவிட்ட பிறகு. கொப்புளம் காய்ந்த பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். டம்ளர், துண்டு, வாயில் வைக்கும் பொம்மை எல்லாம் தனித்தனி. பாத்ரூம், பொம்மை துடைக்க ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் பிளீச்சிங் பவுடர். பத்து நிமிடம் ஊறவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அன்றன்றைக்குக் கரையுங்கள், திறந்து வைத்த பாக்கெட்டில் வீரியம் போய்விடும். கழிப்பறை ஆசிடோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

சின்னவனுக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். 9 மாதத்தில் போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான், இதைத் தடுக்காது, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்த பிறகு ஸ்கூல். பெரும்பாலும் ஏழு நாளுக்குள் ஆகிவிடும்.

மருந்துச்சீட்டு:
எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், தூக்கத்தில் திடுக்திடுக்கென்று உடல் தூக்கிப்போடுதல், நடை தள்ளாடுதல், ஓயாத வாந்தி, மூச்சு வாங்குதல்: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதே நோயைத் தரும் இன்னொரு வைரஸான என்டிரோவைரஸ் 71 மூளையைத் தாக்கும்போது இப்படித்தான் தொடங்கும். அபூர்வம்தான், ஆனால் 1997-இல் மலேசியாவின் சரவாக்கில் குழந்தைகள் உயிரிழந்தது இதனால்தான்.

இன்னொன்று, ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் அடியிலிருந்து கழன்று வரலாம். வலிக்காது, புது நகம் தானாக முளைக்கும். கால்சியம் டானிக் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.