ஏ-11 தோல் தொப்பியில் உள்ள குறியைக் கொண்டு உரியவரைக் கண்டறிய இயலுமா?

வானோடி:
வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு பயன்படுத்திய ஏ-11 வகைத் தோல் தொப்பி ஒன்று அண்மையில் எனக்குக் கிடைத்தது. (ஹெல்மெட் என்று பெயரே தவிர, தலைக்கு அடிபடாமல் காப்பது அதன் வேலை அன்று; குளிரைத் தடுத்து, காதொலிப்பான்களைத் தாங்கிப் பிடிப்பதுதான்.) ரப்பர்க் கிண்ணங்களுக்குள் ஏஎன்பி-எச்-1 ஒலிப்பான்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இடது காதுமடலின் உட்புறத்தில் கறுப்பு மையில் ஓர் ஆங்கில எழுத்தும், ஒரு சிறுகோடும், நான்கு இலக்கங்களும் எழுதப்பட்டுள்ளன. கடைசி இலக்கத்தின் மேல் வியர்வைக் கறை படிந்திருப்பதால் அது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. ஒரு போர் விமானி அணிந்தது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். இக்குறியிலிருந்து அவர் யார் என்று கண்டறிய வழி உண்டா?

பதிவேட்டுப்பித்தன்:
நீங்கள் கண்டது சலவைக் குறி. குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் உடைமைகளில் எழுதி வைப்பது அப்படையில் வழக்கம். ஆனால் அதை ஒரு மனிதரின் அடையாளமாகக் கொள்ளலாகாது. 1944-இல் வான்பிரிவில் சுமார் 24 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு லட்சம் பேரின் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கியதாக வைத்துக்கொண்டால், நான்கு இலக்கங்களில் பத்தாயிரம் எண்களே அமையும் என்பதால், உங்கள் குறிக்குச் சராசரியாக இருபது பேர் உரிமை கோரலாம்.

விற்றவர் சொன்ன 'விமானி' என்ற சொல்லையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். துப்பாக்கி வீரர்களும் வானொலி இயக்குநர்களும் இதே தொப்பியைத்தான் அணிந்தார்கள். அது மட்டுமன்றி, சாதாரண வீரராகச் சேர்ந்து பின்னர் அதிகாரியானவருக்கு 'ஓ' எழுத்தில் தொடங்கும் புதிய எண் வழங்கப்பட்டது; ஆகவே குறியிலுள்ளது அவருடைய பழைய எண்ணா, புதிய எண்ணா என்ற கேள்வியும் எழும். பெயர் ஒன்று கிடைத்துவிட்டால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்துள்ள படைச்சேர்க்கைப் பதிவுகளில் தேடிப் பாருங்கள். தனிநபர் பணிக்கோப்புகளைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பற்றிய தீயில், 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்துபோயின. வான்பிரிவினரின் கோப்புகளும் பெரும்பாலும் அவற்றோடு போனவையே.

மைக்கறை:
இலக்கத்தைப் படிக்க ஆசைப்பட்டுத் தோலைத் துடைத்துவிடாதீர்கள். சோப்பு, தோல் எண்ணெய், ஈரத்துணி ஆகிய எதுவும் வேண்டாம். மை பரவிவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அகச்சிவப்புக் கதிரில் படம் பிடிக்கும்படி மாற்றியமைத்த கேமரா யாரிடமேனும் இருந்தால் இரவல் வாங்குங்கள். கரி கலந்த மை அதில் கறுப்பாகவே நிற்கும். வியர்வைக் கறையோ பெரும்பாலும் வெளிறிவிடும். புற ஊதா விளக்கையும் தையல்களின் மேல் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நூல் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால், போருக்குப் பின்னர் பரவலான வெண்மையூட்டிகள் அதில் உள்ளன என்று கொள்ளலாம். பிற்காலத்துச் சலவைத்தூளும் அதே ஒளியைத் தரும் என்பதால், அதை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்பளித்துவிடாதீர்கள்.

தோல்வார்:
என்னிடம் உள்ளது பிரிட்டிஷ் வான்படையின் சி வகைத் தொப்பி. கிரீடமும் 'ஏ.எம்.' என்ற வான் அமைச்சக முத்திரையும் உடைய அதில், முதலெழுத்துகளுடன் முழுக் குடும்பப் பெயரும் இருந்ததால் என் வேலை எளிதாயிற்று. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அவருடைய நியமன அறிவிப்பும் எண்ணும் கிடைத்தன. பின்னர் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 27 வரிசையில், அவருடைய ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேட்டைப் படித்தேன். ஒவ்வொரு பறப்புக்கும் குழுவினரின் பெயர்கள் தட்டச்சில் இருந்தன. என்னிடம் விற்றவரும் 'விமானி' என்றுதான் சொல்லியிருந்தார். பதிவேட்டிலோ தொப்பிக்குரியவர் வழிகாட்டி அலுவலர் (நேவிகேட்டர்).

வானோடி:
அனைவருக்கும் நன்றி. அகச்சிவப்பில் எடுத்த படத்தில் அந்த இலக்கம் 8 என்று தெளிவாகிவிட்டது. ஆனால் வலது மடலில், வெறுங்கண்ணுக்குத் தெரியாதபடி அழுக்கேறியிருந்த இடத்தில், வேறோர் எழுத்தில் தொடங்கும் இன்னொரு குறியும் வெளிப்பட்டிருக்கிறது; அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுக்கப்பட்டுள்ளது. பதிவேட்டுப்பித்தன் அவர்களே, உங்கள் இருபது பேரை நாற்பதாக்கிக்கொள்ளுங்கள்.