பணம் கட்டிப் பார்த்த மல்யுத்தம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாப்பாரப்பட்டிக்காரன்:
மூன்று வருடமாகியும் மனதைவிட்டுப் போகவில்லை. அண்ணனுக்கு நாற்பதாவது பிறந்தநாள். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டு விளையாடிய காலத்தில் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சீட்டு ஒன்று உண்டு. அந்தச் சீட்டில் இருந்த வீரர் ஓய்வுபெற்ற பிறகு, பிரபலங்கள் காசு வாங்கிக்கொண்டு காணொளி அனுப்பும் கேமியோ என்ற இணையதளத்தில் வாழ்த்துப் பேசித் தருகிறார் என்று தெரிந்ததும் ஆறாயிரம் ரூபாய் கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் காணொளி வந்தது, ஒரு நிமிடம்கூட இல்லை. ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பியிருந்தேன். "பாப்பா" வரை வந்து நின்றார், மறுபடி தொடங்கினார், மூன்றாம் முறை முழுதாகச் சொல்லிச் சிரித்தார். வீடே கைதட்டியது. கடைசியில் பழைய மாதிரி கைகளை விரித்து நிற்பதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தார். அண்ணன் அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னான். "முட்டியைப் பாருடா" என்றான். இடது கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஓசூர் சிப்காட்:
நண்பரே, இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? அது அவருடைய உழைப்பு. தளம் கால் பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி அவருக்குத்தான். 2020 நவம்பரில் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் அதே கேமியோவில் 30 காணொளிகள் மட்டும் என்று அறிவித்து, ஒன்றுக்கு 1,000 டாலர் வைத்தார். அன்றைய மதிப்பில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஓய்வுபெற்றவருக்கு யாரும் தடை சொல்வதில்லை. களத்தில் இருப்பவர்களின் நிலையைப் பேசுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. தன் வீரர்களை வெளித் தளங்களில் சம்பாதிப்பதை நிறுத்தச் சொன்னது. ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் பக்கம் நடத்திவந்த அதன் வீராங்கனை ஸெலீனா வேகா நவம்பர் 13 அன்று நீக்கப்பட்டார். தொழிற்சங்கத்தை ஆதரிப்பதாக அன்றுதான் எழுதினார். அடுத்த ஆண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ஊழியர் இல்லை, தனி ஒப்பந்ததாரர் என்று கையெழுத்து வாங்கிவிட்டு, ஓய்வு நேரத்துக்கும் உரிமை கேட்பது எந்த ஊர் நியாயம்?

நானும் ஒப்பந்தத் தொழிலாளிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் பைக் பழுது பார்ப்பேன். அதை விட்டுவிடும்படி மேற்பார்வையாளர் சொன்ன அதே வாரத்தில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

பர்கூர் மாந்தோப்பு:
என் கதை சிறியது. மாதச் சந்தா கட்டி மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதிகாலை நான்கரைக்கு அலாரம் வைத்து எழுந்தால், முக்கியப் போட்டி தொடங்கும்போது சந்தா முடிந்துவிட்டது என்று திரையில் வருகிறது.

எல்லோரும் கவனியுங்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நீங்கள் ஒருமுறை ஒப்புதலைப் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்பும். அதைப் படியுங்கள், விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். டாலரில் கட்டுபவர்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். சம்பளம் வரும் கணக்கின் அட்டையை எந்தத் தளத்திலும் கொடுக்காதீர்கள். சின்னக் கணக்கு ஒன்று தனியாக வைத்து, அதில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போடாதீர்கள். பிள்ளைகள் கையில் கடவுச்சொல் போக வேண்டாம். பாப்பாரப்பட்டித் தம்பி, ஆறாயிரம் கட்டுவதற்கு முன் அது அவருடைய உண்மையான பக்கம்தானா என்று பார்த்தீர்களா?

சீட்டுக்கட்டு, கிருஷ்ணகிரி:
பர்கூர் ஐயா, இங்கே கேட்டது அனுபவம், வங்கி ஆலோசனை இல்லை.

நான் யூடியூபில் பழைய போட்டிகளைத் தமிழில் கதையாகச் சொல்லிவந்தேன். போட்டிக் காட்சியைப் பத்து நொடி சேர்த்தாலும் உரிமையாளர் கோரிக்கை வைத்துவிடுவார், விளம்பர வருமானம் அங்கே போய்விடும். காட்சிகளை விட்டேன். நானே வரைந்த படங்களை வைத்துக் கதை சொன்னேன், உறுப்பினர்களுக்கு மட்டும் வாரம் ஒரு நீண்ட கதை. மாதம் 59 ரூபாய், அதில் யூடியூப் 30 சதவீதம் பிடித்தம். பதினொரு பேர் சேர்ந்தார்கள்.

ஒரு நாள் ரவுண்டானாவில் ஆட்டோ ஏறினேன். என் குரலைக் கேட்டதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "நீங்கள்தானே? அந்த இரும்புக்கூண்டுக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன்." அந்த மூன்று மாதமும் அவர் கட்டியிருக்கிறார். நான் ஒரு கதையும் போடவில்லை. இறங்கும்போது கொடுத்த காசையும் வாங்கவில்லை. அன்றிரவே மீதிக் கதையைப் பதிவு செய்தேன். அவர் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

பாப்பாரப்பட்டிக்காரன்:
பர்கூர் ஐயா, அது அவருடைய உண்மையான பக்கம்தான். ஓசூர் நண்பரே, பரிதாபம் என்று நான் எழுதவே இல்லை. அண்ணன் பதினெட்டு வருடம் கல் குவாரியில் வேலை பார்த்தவன். அவனும் அப்படித்தான் முட்டியைப் பிடித்து எழுவான். அதனால்தான் அவன் கண்ணுக்கு மட்டும் பட்டது.

இந்த மாதம் அவன் மகனுக்குப் பிறந்தநாள். அதே வீரரிடம் கேட்போம், பணம் நானே தருகிறேன் என்கிறான். எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே பேசினால் போதும் என்று மறக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறான்.